தெட்சணம் நோக்கித் தனி நடை

போன மாசியில் புதுமடத்திலிருந்து சாமித்தோப்புக்குத் தனியாக நடந்து போனேன். திரும்பி வந்தது பஸ்ஸில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு போகிற தாங்கல்களில் எல்லாம் அந்த நடையைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்கிறார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. கடையில் கணக்கு எழுதிப் பழகிய கை, எழுதுவது கொஞ்சம் வரும்.

கிளம்புமுன் என் மகன் ஒரு கேள்வி கேட்டான். “நடந்து வா என்று அய்யா சொன்னாராப்பா?” சொல்லவில்லை. காணிக்கை வேண்டாம், காவடி வேண்டாம், பலி வேண்டாம் என்று ஒதுக்கியவர் அய்யா. உடம்பை வருத்தினால் புண்ணியம் கூடும் என்ற கணக்கு நம் வழியில் கிடையாது. ஆகவே என்னைப் பார்த்து யாரும் நடக்கக் கிளம்ப வேண்டாம். கால் கொப்புளத்துக்குத் தனி வரவு எந்த ஏட்டிலும் இல்லை.

பின்னே எதற்குப் போனேன்? மனசு சரியில்லை என்று வீட்டில் சொன்னேன். ஏன் சரியில்லை என்று சொல்லவில்லை. அது பின்னால் வரும்.

இரண்டு வேட்டி, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், நாமப்பொடி, சின்ன அருள்நூல். மாசி எட்டாம் தேதி விடியுமுன் தலைப்பாகை கட்டிக்கொண்டு இறங்கினேன். பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர், பிறகு உவரி வழியாகத் தெட்சணம். சுமார் 250 கிலோமீட்டர். எனக்குப் பதினோரு நாள் ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி வருகிற வேகத்துக்கு, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாகவே நடக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் தார் கொதிக்கும். எங்காவது ஒதுங்கிவிட்டு நாலு மணிக்கு மேல்தான் மறுபடி கால் எடுத்து வைக்க முடியும்.

கீழக்கரையில் ஒரு டீக்கடை பாய் என் நாமத்தைப் பார்த்துவிட்டு, “திருச்செந்தூருக்கா?” என்றார். “அதுக்கும் அங்கிட்டு” என்றேன். காசை நீட்டினால் வாங்கவில்லை. “நடந்து வர்றவங்ககிட்ட வாங்குறது இல்ல” என்று அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார். ஏர்வாடி தர்காவுக்கு நடந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். தனியாக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வழியில் வயிற்றுக்குள் போனதெல்லாம் அடுத்தவர் கொடுத்ததுதான்.

நான்காம் நாள். சாயல்குடி தாண்டி வேம்பார் போகிற வழி. இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும்தான். பாட்டில் காலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாலையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஓலை வீடு ஒன்று. வாசலில் என்னைவிட வயதான ஒரு அம்மா உட்கார்ந்து ஓலை வாருகிறார்.

“ஆத்தா, கொஞ்சம் தண்ணி.”

அந்த அம்மா என் தலைப்பாகையைப் பார்த்தார், நெற்றி நாமத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீகளாய்யா?”

அன்புக்கொடி மக்களே, எனக்குத் தாகம் போய்விட்டது. நாமம் போட்டவனிடம் இந்தக் கேள்வி வரலாமா? கொல்லம் 1008-க்குப் பிறகு இந்தக் கேள்வி இருக்கலாமா? முத்திரிக் கிணறு எதற்கு? கிணறு கிணறாகச் சாதி பிரித்துவைத்திருந்த காலத்தில், எல்லாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளியுங்கள், குடியுங்கள் என்று அய்யா வைத்த கிணறு அது. இன்றும் அந்தத் தண்ணீரில் குளித்துப் பதம் குடித்துவிட்டுத்தான் பதிக்குள் போகிறோம். துவையல் பந்தியில் எழுநூறு குடும்பத்தை ஒன்றாய் உட்காரவைத்தார். இது எல்லாம் நமக்கு மனப்பாடம். அந்த அம்மாவுக்கு அதில் ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. நம்மைப் பார்த்தால் அவருக்கு முதலில் வந்தது பயம்.

இனி, மனசு ஏன் சரியில்லை என்பதைச் சொல்கிறேன். ஒரு தாங்கலில் அன்னதர்மத்துக்கு முன்னால் கூட்டம் நடந்தது. எந்தத் தாங்கல் என்று கேட்க வேண்டாம். பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் சில பேர் பரிமாற வருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் சொன்னார்: “சாப்பிட வரட்டும், கரண்டி பிடிக்க வேண்டாம்.” யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான். முப்பது வருஷமாகப் பணிவிடைக்கு நிற்கிறவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற பையன் ஒருவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் திண்ணையில் மூன்று செம்புத் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு அந்த அம்மாவிடம் இதை எல்லாம் சொன்னேன். ஏன் சொன்னேனோ, முன்பின் தெரியாத ஆள் என்பதால் சொல்ல முடிந்தது போலும். முழுக்கக் கேட்டுவிட்டு, “பேசாமயா இருந்தீக?” என்றார். அவ்வளவுதான். பாட்டிலை நிரப்பி, ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு திருச்செந்தூர் வரை மூன்று நாள் அந்த ஒரு கேள்விதான் கூட நடந்தது. கூட்டத்தோடு போயிருந்தால் பாட்டுப் பாடியே அதை மறந்திருப்பேன். தனியாகப் போகிறவனுக்கு மறைந்துகொள்ள இன்னொருவர் முதுகு கிடைக்காது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து வெள்ளையில் கண் கூசியபோதும் அதே, முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைப் பார்த்து நின்றபோதும் அதே.

ஏழாம் நாள் மாலை செந்தூர் அவதாரப்பதி. மறுநாள் விடிய நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். நோய்ப்பட்ட முத்துக்குட்டியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்குத்தான் வந்தார்கள். 24 வயது. கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள், 1833 மாசி 20 அன்று, வைகுண்டராக வெளியே வந்தார். பெற்ற தாய் வெயிலாள் ஓடி வந்தபோதும், நான் இப்போது நாராயணர் பிள்ளை என்று சொல்லிவிட்டுத் தெட்சணம் நோக்கி நடந்தார். அடுத்தவர் தோளில் வந்தவர் தன் காலில் திரும்பினார்.

அந்த நடையை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. தென் திருவிதாங்கூரில் அன்று நம் சனங்கள் எந்தத் தெருவில் நடக்கலாம், யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. தலைக்கு வரி இருந்தது. தலைப்பாகை கூடாது. அந்த நாட்டுக்குள் ஒருவர் நிமிர்ந்து நடந்து வருகிறார். அதற்கு 91 வருஷம் கழித்து, 1924-ல்கூட, அதே திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் போராட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பெரியார் போய்ச் சிறைப்பட்டது அதற்குத்தான்.

பிறகு அய்யாவைக் கட்டிப் பிடித்துத் திருவனந்தபுரத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள், சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள். விடுதலையானபோது மக்கள் வாகனத்தில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஊர்வலத்தை நாம் வருஷாவருஷம் நடத்துகிறோம், நல்லது. செந்தூரிலிருந்து தெட்சணத்துக்கு வந்த அந்த முதல் நடைதான் எனக்கு அன்று கண்ணில் நின்றது.

மீதி நாலு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாசி 18 சாயங்காலம் சாமித்தோப்பு. முத்திரிக் கிணற்றில் எனக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. கேட்கவும் இல்லை. ஐந்து சுற்று சுற்றி உள்ளே போனால், விளக்குக்கு நடுவே கண்ணாடி. வெயிலில் கறுத்து, உதடு வெடித்த ஒரு முகம் அதில் தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்தான்.

திரும்பி வந்த முதல் கூட்டத்தில் எழுந்து நின்றேன். குரல் நடுங்கியது. கரண்டியை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், இல்லையென்றால் என்னிடமிருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தம் வந்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் மூன்றாம் ஞாயிறு வந்துவிட்டார். இன்னொருவர் வீட்டுக்கு நான் வாரம் ஒரு தடவை போய்க் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்த பையன்தான் இப்போது சாம்பார் ஊற்றுகிறான். இலை நிறைய ஊற்றிவிடுகிறான். போன வாரம் பந்தியில் ஒரு பாட்டி, “டேய், சோறு மிதக்குதுடா” என்று சத்தம் போட்டார்.

அய்யா உண்டு.