முதலில் சொல்லப்படும் எண்

விலையைப் பற்றியோ கூலியைப் பற்றியோ நடக்கும் பேச்சில் முதலில் வெளிவரும் எண், அதற்குப் பின் வரும் எண்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்த எண் சரியானதா, அதை யார் எதற்காகச் சொன்னார் என்று ஆராய்வதற்கு முன்பே கேட்டவரின் மனம் அதையொட்டி நின்றுவிடுகிறது; பிறகு அவர் போடும் கணக்கு அங்கிருந்தே தொடங்குவதால், விலக வேண்டிய அளவுக்கு விலகாமலே முடிந்துவிடுகிறது. உளவியலார் இதற்கு நங்கூர விளைவு என்று பெயரிட்டனர். ஆமோஸ் ட்வர்ஸ்கி, டேனியல் கானமன் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு சோதனையைச் சான்றாகக் காட்டினர். 10 அல்லது 65 என்ற எண்ணில் மட்டுமே நிற்குமாறு முன்கூட்டியே அமைக்கப்பட்ட சக்கரம் ஒன்று பங்கேற்றவர்கள் முன் சுழற்றப்பட்டது. அதன்பின், ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்கப்பட்டபோது, 10ஐக் கண்டவர்களின் மதிப்பீடு நடுவளவில் 25 ஆகவும் 65ஐக் கண்டவர்களின் மதிப்பீடு 45 ஆகவும் அமைந்தது. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது வெளிப்படை. அப்படியிருந்தும் அந்த எண் தன் வேலையைச் செய்தது.

முதல் எண்ணுக்கு இத்தனை வலிமை உண்டென்றால், அதைச் சொல்லும் வாய்ப்புப் பெற்றவருக்கு என்ன கடமை உண்டு என்பது அறத்தைச் சேர்ந்த கேள்வி. பிறர் மனத்தை அசைக்கும் பேச்சு யாவும் குற்றமாகிவிடாது. ஆகவே எந்த முதல் எண் நேர்மையானது, எது நேர்மையற்றது என்று பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அருகருகே இருந்தும் வெவ்வேறு தொழில்களால் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு ஊர்களின் கடைகளையும் தறிகளையும் வைத்து அந்த அளவுகோலைத் தேடிப் பார்க்கலாம்.

ஆடி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடுகிறது. ஆண்டாளின் பிறந்த நாளுக்கு வெளியூர்க் கூட்டமும் திரள்கிறது. அதே மாதத்தில்தான் தமிழ்நாடெங்கும் ஜவுளிக் கடைகள் ஆடித் தள்ளுபடி அறிவிக்கின்றன. திருமணங்கள் நடக்காத மாதத்தில் துணி விற்பனை மந்தமாகும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கைத் தீர்த்தாக வேண்டும் என்பதால் தோன்றிய இவ்வழக்கத்தில் இயல்பாகக் குற்றம் ஏதுமில்லை. உண்மையாகவே 1,000 ரூபாய்க்கு விற்ற சேலையை 700 ரூபாய்க்குக் கொடுக்கும் வணிகர், அடித்துக் காட்டும் பழைய விலையால் வாங்குபவருக்கு உண்மையான ஒரு செய்தியையே தருகிறார். ஒருநாளும் 1,000 ரூபாய்க்கு விற்காத சேலையின் மேல் அந்த எண்ணை அச்சிட்டு, அதன் மேல் ஒரு கோடும் இழுத்து, 700 ரூபாயை எப்போதும்போல் வாங்கிக்கொள்பவர் செய்வது வேறு. அவர் விலையைக் குறைக்கவில்லை. நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறார்.

கேட்கும் விலையும் கூறும் விலையும் ஒன்றல்ல. ராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழத்தைக் கூடையில் வைத்து விற்பவர் கிலோவுக்கு 120 என்று தொடங்கி, வாங்குபவர் 70 என்று கேட்டு, இருவரும் 90இல் முடித்துக்கொண்டால், அங்கே பொய் எதுவும் இல்லை. 120 என்பது அவருடைய கோரிக்கை. கோரிக்கை மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க முடியாது. எதிரில் நிற்பவரும் ஓர் எண்ணைச் சொல்லலாம், அடுத்த கூடைக்கும் போகலாம். அடித்துக் காட்டப்பட்ட பழைய விலையோ ஒரு கூற்று. இந்தப் பொருள் இந்த விலைக்கு விற்றது என்று அது நடந்ததைப் பற்றிப் பேசுவதால் அதற்கு மெய், பொய் என்ற தீர்ப்பு உண்டு. இந்தியச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. ஒரு பொருள் வழக்கமாக விற்கப்பட்ட விலையைப் பற்றி மக்களைத் தவறாக எண்ணவைப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

இதற்கு வணிகர் தரப்பில் சொல்லப்படும் மறுமொழி பழகியது: தள்ளுபடி என்பது ஒரு வழக்கம், வாங்குபவர்களுக்கும் அது தெரியும், தெரிந்தே வருபவரை எப்படி ஏமாற்ற முடியும்? மேற்போக்கில் நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை ஆய்வுகள் தாங்கவில்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் நார்த்கிராஃப்ட், நீல் என்னும் இரு ஆய்வாளர்கள் வீட்டுமனைத் தரகர்களை ஒரு வீட்டுக்கு மதிப்புப் போடச் சொல்லி, பட்டியல் விலையை மட்டும் ஒவ்வொரு குழுவுக்கும் மாற்றிக் கொடுத்தனர். 1987இல் வெளியான அவ்வாய்வில், தொழிலிலேயே ஊறியவர்களின் மதிப்பீடுகளும் பட்டியல் விலையைப் பின்தொடர்ந்தன. அவர்களுள் மிகச் சிலரே தம் மதிப்பீட்டில் பட்டியல் விலைக்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள். தெரிந்துவைத்திருப்பது காப்பாகாது, காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் அது தருகிறது. ஆகவே வாங்குபவரின் அறிவைச் சாட்சிக்கு அழைத்து விற்பவர் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்வதற்கு இடமில்லை.

வேறொரு எண் எட்டாத இடத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கனக்கிறது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வாங்க வெளியூரிலிருந்து வருபவருக்கு அதன் சந்தை விலை தெரியாது. கேட்கும் முதல் எண்ணே அவருக்கு விலையாகிவிடும். சென்னை சைதாப்பேட்டையில் அரசின் கால்நடைத் துறை நடத்திய நாய் இனப்பெருக்கப் பிரிவு நாட்டு நாய்க்குட்டிகளை விற்றபோது, மக்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்ணும் கிடைத்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஊரின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் விற்பதால், தனியார் கடை விலையை எடைபோட வெளியூர்ப் பயணிக்கும் ஒரு வழி உண்டு. பொதுத்துறையும் கூட்டுறவும் விலைவாசிக்கு ஆற்றும் இத்தொண்டு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. அந்தப் பால்கோவாவுக்குப் பால் ஊற்றுபவரின் நிலையும் இத்தகையதே. பசும்பாலுக்கு மாநிலக் கூட்டுறவு நிறுவனமான ஆவின் தந்த கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தபோது, ஆவினுக்குப் பால் ஊற்றாத உழவருக்கும் தனியார் கொள்முதல்காரரிடம் சுட்டிக்காட்ட ஓர் எண் கிடைத்தது.

சட்டமே நட்டுவைத்த எண்ணும் உண்டு. பொட்டலப் பொருள்களின் மேல் எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. கடைக்காரர் விருப்பம்போல் விலை ஏற்றுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதற்கு மேல் விற்கக் கூடாது என்று விதி சொல்கிறதே தவிர, அந்த எண் எவ்வளவு உயரலாம் என்று பெரும்பாலான பொருள்களுக்குச் சொல்வதில்லை. காவலாக வந்த எண் இவ்வாறு நங்கூரமாகவும் பயன்படுகிறது: உயரமாக அச்சிட்டுவிட்டுக் கீழே இறங்கி விற்றால் அது சலுகையாகத் தெரிகிறது.

கடையில் ஏமாறுபவர் இழப்பது பெரும்பாலும் சில நூறு ரூபாய். கூலியில் முதல் எண் செய்யும் தீங்கு ஒரு வாழ்நாளுக்கே நீள்வதால், இந்த அறக் கேள்வியின் முழுக் கனமும் அங்கேதான் இருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்தில் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நாட்டின் பல பகுதி மருத்துவமனைகளுக்குப் போகின்றன. இத்தகைய தொழில்களில் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை சதவீதக் கணக்கிலேயே நடக்கிறது. கற்பனையாக, ஒரு நாள் வருமானம் 400 ரூபாய் என்று கொள்வோமானால், தொழிலாளர் 50 சதவீதம் கேட்பர், உரிமையாளர் 5 சதவீதம் என்பர், அதிகாரிகள் முன்னிலையில் 15 சதவீதத்துக்குக் கையெழுத்தாகும். கேட்டதும் மறுத்ததும் ஒப்புக்கொண்டதும் 400 என்ற எண்ணையே பற்றி நிற்கின்றன. அந்த 400 சரியான கூலியா என்ற கேள்வி மேசைக்கே வருவதில்லை. முன்பு நடந்த குறை இவ்வாறு ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் மறுபடி அடித்தளமாகிறது. இரு தரப்பும் நேர்மையாகப் பேசினாலும் முடிவு நேர்மையற்றதாகிவிடுகிறது.

அந்த எண்ணுக்கு எதிரே வைக்க வேறோர் எண் இல்லாமலும் இல்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவையை அடிப்படையாகக் கொண்ட கூலிக்கு ஒரு கணக்கு வகுத்தது. உழைப்பவர் ஒருவரின் வருமானத்தில் மூன்று நுகர்வு அலகுகள், அதாவது மூன்று பெரியவர்களின் தேவைக்குச் சமமான குடும்பம், வாழ வேண்டும்; ஒவ்வோர் அலகுக்கும் நாளுக்கு 2,700 கலோரி உணவும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணியும், வீட்டு வாடகையும், எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதமும் கூலிக்குள் அடங்க வேண்டும் என்பது அக்கணக்கு. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் கூறியது. துணி நெய்பவரின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கஜம் துணி வேண்டும் என்பதிலிருந்து தொடங்கும் பேச்சும், சென்ற ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதிலிருந்து தொடங்கும் பேச்சும் ஒரே இடத்தில் போய் நிற்க மாட்டா. அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் ஓர் ஆபத்து நேர்கிறது: இதற்குக் கீழே போகக் கூடாது என்று சொல்ல வந்த எண்ணை, இதைக் கொடுத்தால் போதும் என்று முதலாளிகள் பலர் படித்துக்கொள்கின்றனர்.

எண்ணின் வலிமையை மிகக் கொடுமையாகப் பயன்படுத்திய வழக்கம் ஒன்று தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் இருந்தது. சுமங்கலித் திட்டம் என்று அறியப்பட்ட அதில், ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. அத்தொகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டின் நாள்களுக்குப் பகிர்ந்து பார்க்கையில் நாளுக்கு 37 ரூபாய்கூட வராது. அதுவும் பெரும்பாலும் நியாயமாக அன்றாடம் கொடுத்திருக்க வேண்டிய கூலியிலிருந்து நிறுத்திவைத்த பணமே. ஒரே நேரத்தில் அவ்வளவு பணத்தைக் கண்டிராத பெற்றோரிடம் அந்தப் பெரிய எண் முதலில் சொல்லப்பட்டதால், நாள் கூலி என்ற சிறிய எண் கேட்கப்படவே இல்லை. இடையில் நின்றவர்கள் தொகையையே இழந்ததாக வந்த செய்திகள் பல. இங்கே சொல்லப்பட்ட எண் பொய்யானதாக இல்லாமலும் இருக்கலாம். பொய் இல்லாமலே அநீதி செய்ய முடியும் என்பதை இது காட்டுவதால், கூற்று மெய்யா என்று பார்ப்பது மட்டும் அளவுகோலாகப் போதாது. எதிரில் இருப்பவரிடம் ஒப்பிட வேறு எண் இல்லை என்று அறிந்தே, உண்மையான கணக்கை மறைப்பதற்காகச் சொல்லப்படும் மெய்யும் பழிக்குரியதே.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பட்டம் பெற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகும் இளைஞர்கள் சந்திப்பது இதன் மென்மையான வடிவம். நேர்காணலில் இப்போது என்ன சம்பளம் என்று கேட்டு, சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்து, அதன் மேல் 20 அல்லது 30 சதவீதம் கூட்டித் தருவது இந்திய நிறுவனங்களில் பரவலான வழக்கம். வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கையில், அதைச் செய்பவரின் முந்தைய வறுமையை ஏன் அதற்கு விலையாக வைக்க வேண்டும் என்பதற்கு நியாயமான விடை எளிதில் கிடைக்காது. குடும்பச் சூழலால் ஊரிலேயே குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்த ஒரு பெண், அடுத்த வேலையிலும் அதற்கடுத்த வேலையிலும் அந்த முதல் எண்ணைச் சுமக்க நேர்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இக்கேள்வியைத் தடுக்கும் சட்டத்தை 2016இல் இயற்றியது. கலிபோர்னியாவில் 2018இல் இத்தடை நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையோ முந்தைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுப்பதுடன், தொடக்கச் சம்பளத்தை அல்லது அதன் வரம்பை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் சொல்கிறது.

விண்ணப்பதாரரும் இந்த ஆட்டத்தை ஆடுகிறாரே என்ற எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். எதிர்பார்க்கும் சம்பளத்தை உயர்த்திக் கேட்பது மாம்பழக் கூடைக்காரரின் 120ஐப் போன்ற கோரிக்கை, அதில் குறையில்லை. திருத்திய சம்பளச் சீட்டைக் காட்டுவது பொய்க் கூற்று. வறுமை அதற்கு இரக்கத்தைத் தேடித் தரலாம், நியாயத்தைத் தேடித் தராது. இவ்விரண்டுக்கும் நடுவே, பழைய சம்பளத்தைச் சொல்ல மறுப்பது என்று ஒரு வழி இருக்கிறது. அது முற்றிலும் நேர்மையானது. ஆனால் அந்த மறுப்பைத் தாங்கும் வலு வேலை தேடுபவரிடம் அரிதாகவே இருக்கும். பேரத்தில் தாம் எட்ட வேண்டிய இலக்கையோ எதிர்த்தரப்பின் மாற்று வழிகளையோ மனத்தில் நிறுத்திக்கொண்டவர்களிடம் முதல் எண்ணின் பிடி தளர்வதைக் கலின்ஸ்கி, முஸ்வைலர் ஆகியோரின் 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அப்படி நிறுத்திக்கொள்ள, அந்த வேலைக்கு மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அச்செய்தி நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது, விண்ணப்பதாரரிடம் இல்லை. ஆகவே கடமையும் நிறுவனத்தின் பக்கமே சாய்கிறது.

தனி ஒருவர் நேர்மையாக நடந்தால் தோற்றுப்போவார் என்று கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு. போலித் தள்ளுபடிகளைக் கைவிட்டு 2012இல் ஒரே விலை முறைக்கு மாறிய அமெரிக்காவின் ஜே.சி.பென்னி நிறுவனம் அவ்வாண்டிலேயே விற்பனையில் கால் பங்கை இழந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2022 மே முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடைகள் முந்தைய 30 நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக விதித்தார்கள். கடைவீதிக்கு அப்படியொரு பொதுவிதி தேவைப்படலாம். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. நாளிதழ்களிலும் கடை வாசல்களிலும் தகுதிக்கேற்ற சம்பளம் என்று எழுதும் இடத்தில் ஒரு தொகையை எழுதுவதற்கும், விண்ணப்பப் படிவத்திலிருந்து தற்போதைய சம்பளம் என்ற கட்டத்தை எடுத்துவிடுவதற்கும் எந்தச் சட்டத்தின் வருகைக்காகவும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை.