மயிலிறகுல நீலமே கிடையாது!

ஓம் சரவணபவ! 🙏

பூஜை ரூம்ல மயிலிறகு இருந்தா எடுத்து வெளிச்சத்துல பாருங்க. நீலம், பச்சை, பொன்னு எல்லாம் மின்னும். லேசா சாய்ச்சா நிறம் மாறும். ஆனா அந்த இறகுல நீலச் சாயமே கிடையாது. இருக்கிறது மெலனின். நம்ம தலைமுடியைக் கறுப்பாக்குற அதே நிறமி. இறகை மைய அரைச்சா பழுப்புத் தூள்தான் மிஞ்சும்.

அப்போ நீலம் எங்கிருந்து வருது? ராபர்ட் ஹூக் 1665-ல வெளிவந்த தன் புத்தகத்துல, மயிலிறகை நனைச்சா நிறம் மறையுதுன்னு எழுதினார். இது ஒளியோட விளையாட்டுன்னு அவருக்குப் புரிஞ்சது. 2003-ல சீன விஞ்ஞானிகள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்து விளக்கினாங்க. இறகுக்குள்ள மெலனின் நுண்குச்சிகள் கட்டம் கட்டமா அடுக்கி நிக்குது. இடைவெளி சுமார் 140 நானோமீட்டர்னா நீலம், 150-ன்னா பச்சை. வித்தியாசம் வெறும் 10 நானோமீட்டர்! நம்ம தலைமுடியோட தடிமன் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெருசு. வெளிச்சம் விழும்போது அந்த அடுக்கு ஒரு நிறத்தை மட்டும் பலமா திருப்பி அனுப்புது.

இப்போ கந்தபுராணத்துக்கு வருவோம். "எல்லாம் என்னுது"ன்னு நின்ன சூரன், கடைசியில மாமரமா மாறி நின்னான். வேல் பிளந்ததும் ஒரு பாதி சேவல், மறு பாதி மயில். அப்பன் அவனை அழிக்கல, தன்னைச் சுமக்க வச்சான். 'நான்'னு நின்னவன், இன்னிக்கு தன்னோடது இல்லாத ஒளியில மின்னுறான்.

இன்டர்வியூல ரிஜெக்ட் ஆகி, அரியர் விழுந்து, "என்கிட்ட ஒண்ணுமே இல்ல"ன்னு உட்கார்ந்திருக்கிற தம்பி, தங்கைகளே! மயிலிறகுகிட்டயும் நீலம் இல்ல. ஆனா அடுக்கு ஒழுங்கா இருக்கு. ஒளி தர்றது அவன் வேலை, அடுக்கி வைக்கிறது நம்ம வேலை. தினமும் ஒரு மணி நேரம் படிப்பு, எடுத்த வேலையைப் பாதியில விடாம முடிக்கிறது, இதெல்லாம்தான் அந்தக் குச்சிகள். ஒவ்வொண்ணும் சின்னது, தனியா பார்த்தா வெறும் பழுப்பு. நாளைக்கு ஜெயிச்சு "எல்லாம் என்னால"ன்னு தோணுச்சுன்னா, அப்பவும் அந்த இறகைப் பாருங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். "நம்ம முன்னோர் அன்னிக்கே நானோ டெக்னாலஜி தெரிஞ்சுதான் மயிலை வச்சாங்க"ன்னு சேர்த்து ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. அதுக்கு ஆதாரம் இல்ல. முருகன் பெருமைக்குப் பொய் முட்டுக் கொடுக்கணுமா என்ன? உண்மையே இவ்வளவு அழகா இருக்கே!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚