செவ்வாய்க்கிழமைப் பங்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது வயிற்றில் பசியும் கையில் திருத்தாத நோட்டுக் கட்டும் இருக்கும். குன்னூரில் கார்த்திகை மாதம் அந்நேரத்துக்கே இருட்டிவிடும். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறிவரும் மூட்டம் தெருவிளக்கை மூடியிருக்கும். அந்த நேரத்தில் மசாலா அரைத்துக் கறி வேகவைப்பது நடக்கிற காரியமில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கறி ஒரு டப்பாவில் இருக்கும். மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். இருபது நிமிடத்தில் அது எங்கள் நான்கு பேருக்கும் ராச்சாப்பாடு ஆகிவிடும்.

அதில் வித்தை ஒன்றும் இல்லை. எலும்பிலிருந்து சதையை விரலாலேயே பிய்த்து எடுக்கிறேன். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு. வெங்காயம் ஓரம் கருகத் தொடங்கும்போது கறியையும் இரண்டு கரண்டிக் குழம்பையும் ஊற்றி, குழம்பு வற்றிச் சதையோடு ஒட்டிக்கொள்ளும்வரை புரட்டுகிறேன். கறி அடி பிடிக்கப்போகிற நேரத்தில்தான் ருசி வரும். அதற்கு முன்னால் இறக்குகிறவர்கள் அவசரக்காரர்கள். பக்கத்துத் தட்டில் முட்டைக்கோஸும் கேரட்டும் மெல்லிசாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறி வைத்திருப்பேன். சுட்ட ரொட்டியில் கறி, அதன் மேல் இந்தக் கோஸ், ஒரு மடிப்பு. கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு முறை வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது டாக்கோ. அங்க இதுக்கு வரிசையில நிக்கிறாங்க" என்றாள். கடையில் விற்கும் மொறுமொறுப்பான வளைந்த ஓடு அமெரிக்காவில் பரவியதாம். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்துத் தட்டிய மெத்தென்ற ரொட்டிதானாம். அதில் எதை வைத்து மடித்தாலும் டாக்கோ. நேற்றைய கறியாக இருந்தாலும் சரி. அவள் சொல்லச் சொல்ல நான் மூலையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு அந்தப் பெயர் புதிது. அந்த ரொட்டி அவளுடையது.

அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் லைன் வீட்டில். அங்கே காலையில் பேரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் சாப்பிடுவது ரொட்டி. கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, கையால் தட்டி, கல்லில் சுடுவார்கள். (அவர்கள் கோதுமை மாவு என்று சொல்வது நம்மூர்க் கடையில் மைதா.) தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல்: காய்ந்த மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு, எலுமிச்சை. அரிசி கிடைப்பது அரிதாக இருந்த காலங்களில் அந்த மாவுதான் தோட்டத்து ஜனங்களைத் தாங்கியது. 1973, 74-ல் அந்த மாவும் ரேஷனில் குறைக்கப்பட்டபோது லயங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அம்மா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். தட்டில் மாவுப் பொட்டு ஒட்டியிருந்தால் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

1974-ல் அப்பாவும் அம்மாவும் பாட்டியும் கைக்குழந்தையாக இருந்த என் அக்காவும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தார்கள். அவர்களைப்போல வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைப் போடத் தொடங்கியிருந்தது. 1976-ல் அது டான்டீ என்ற கழகமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று மலை முழுக்க அந்த ஜனங்களின் குடியிருப்புகள் இன்றும் உண்டு. தமிழ் பேசும் மலையிலேயே அவர்களுக்குச் 'சிலோன்காரர்கள்' என்று பெயர் விழுந்தது.

இவர்கள் கப்பலேறியதற்குக் காரணமான ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டது. கல்லூரியில் படிக்கும்போதுதான் அதன் கணக்கு எனக்குத் தெரியவந்தது. நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. போக 1,50,000 பேர் மிச்சம். அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்து வருடம் கழித்து 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்காமலேயே பிரிக்கப்பட்ட அந்த ஜனங்கள்தான் இரண்டு நாட்டுத் தேயிலையையும் கிள்ளியவர்கள். அன்று நூலக மேசையில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை லட்சம் மனிதர்களை 'மீதி' என்று எழுத ஒரு கை எப்படித் துணியும் என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. மிச்சம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் சாதாரணமாகச் சொன்னதில்லை.

கோத்தகிரியில் எங்கள் லைன் வீட்டில் கறி என்றால் சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அரைக்கிலோ. வீட்டில் ஆறு பேர்: பாட்டி, அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. அன்று காலையிலிருந்தே அடுப்பு எரியும். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு முன்பின்னாகவே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் குறைவு. அதனால் கீழே கோயம்புத்தூரில் ஒரு மணி நேரத்தில் வேகும் கறி இங்கே வேகாமல் அடம்பிடிக்கும். குக்கர் எங்களிடம் இல்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து அடுக்கியிருப்பார்கள். அந்த விறகு நின்று எரியும். இவ்வளவு விறகும் நேரமும் செலவழித்து ஒரு கறியை வேகவைத்தால் அதை ஒரே வேளையில் முடிக்க மனசு வருமா? அடுப்பை ஒரு தடவை மூட்டி மூன்று நாளைக்குச் சோறு தேடிக்கொள்வதுதான் மலை வாழ்க்கை கற்றுக்கொடுத்த கணக்கு.

பரிமாறுவதற்கு முன்னாலேயே அம்மா ஒரு தூக்குவாளியில் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவாள். "அது செவ்வாக்கெழம பங்கு" என்பாள். ராத்திரி அதைக் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்து மூடுவாள். மார்கழியில் புல்லெல்லாம் வெண்பனி உறையும் குளிரில் எங்களுக்கு ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை; வாளியைச் சுவரோரம் வைத்தாலே குழம்பு கட்டியாகிவிடும். திங்கள் ராத்திரி மறுபடி ஒரு கொதி. செவ்வாய் சாயங்காலம், கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டு ஈரச் சாக்கோடு அம்மா வீடு வந்து சேரும்போது, அந்த வாளியிலிருந்து கறுத்துச் சுண்டிய கறி ரொட்டிக்குள் வரும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைவிட அது ருசி. மூன்று பேரும் அடித்துக்கொண்டு தின்போம்.

எனக்குக் கல்யாணமாகி முதல் தடவை நானே கறி வாங்கப் போன நாளில்தான் அந்தக் கணக்கு எனக்கு இடித்தது. கடைக்காரர் அரைக்கிலோவை நிறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கையில் வாங்கியதும் அதன் எடை எனக்குத் தெரிந்தது. இவ்வளவுதானா? எலும்பு போனால் ஆறு பேருக்கு ஒரு வேளைக்கே போதாதே. அப்படியானால் செவ்வாய்க்கிழமைக்கு மிஞ்சியது எங்கிருந்து? பாட்டி தட்டிலும் அப்பா தட்டிலும் எங்கள் தட்டுகளிலும் கறி இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவின் தட்டு நினைவில் இல்லை. அந்தத் தட்டை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் குழம்பும் உருளைக்கிழங்குமாக அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள். அந்தத் தூக்குவாளியில் இருந்தது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை.

மிச்சம் தானாக மிஞ்சாது, யாரோ மிஞ்சவைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கடைவாசலில்தான். சிக்கனத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாருடைய வாயிலிருந்து அது மிச்சமானது என்று கேட்பதில்லை. என் அம்மாவைத் தியாகி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் நாம் எழுந்து கைகழுவிப் போய்விடலாம். அவளுக்குப் பசித்தது. கறி அவளுக்கும் பிடிக்கும். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

மீந்த சாப்பாட்டுக்கு நம் மொழியில் பல சொற்கள். வாய்பட்டது எச்சில், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கை படாமல் மீந்தது மிச்சம். அதைக் கொடுக்கலாம், வைக்கலாம். பணம் சேர்த்தாலும் மிச்சம் பிடித்தான் என்கிறோம். உணவில் மீந்ததும் பையில் சேர்ந்ததும் ஒரே சொல்தான். ஆனால் இந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றாகக் காக்கப்படவில்லை. பெரிய வீட்டுப் பின்வாசலில் நேற்றையதை நீட்டியபோது அது மிச்சமா எச்சிலா என்று வாங்கியவர்கள் கேட்க முடிந்ததில்லை. என் பாட்டிக்கு அந்த நினைவு உண்டு. அதனால்தான் எங்கள் வீட்டுத் தூக்குவாளியை அவள் அப்படிக் காவல் காத்தாள். நம் கறி, நாம் எடுத்து வைத்தது, நாம் தின்பது.

உலகத்தில் எங்கே பார்த்தாலும் நல்ல சாப்பாடு பாதி இப்படி மிச்சத்தில் பிறந்ததுதான். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள், பிய்த்த மாட்டுக்கறியை வெங்காயத்தோடு வதக்கும் பண்டத்துக்கு 'பழைய துணி' என்றே பெயர் வைத்தார்கள். இங்கே வெலிங்டன் பக்கம் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டில் மீந்ததை அரிந்து மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிரட்டியது ஜல்ஃப்ரேசி. இன்று ஓட்டலில் அதைப் புதுக் கறியில் செய்து விற்கிறார்கள். கொத்து பரோட்டாவும் இந்த வம்சம்தான். பெயர் வைத்தவர்கள் பலர். எடுத்து வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்குப் பெயர் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர்: கணவர், மகன், அம்மா, நான். ஞாயிறன்று ஒரு கிலோ எடுக்கிறேன். வெந்ததும், யாரும் தட்டு வைக்குமுன், எல்லோர் கண்ணெதிரிலும் செவ்வாய்க்கிழமைப் பங்கை எடுக்கிறேன். பிறகு சட்டியில் இருப்பதை நாலாகப் பிரிக்கிறோம், என் தட்டும் அதில் ஒன்று. "ஏம்மா இதையெல்லாம் எண்ணிக்கிட்டு?" என்று மகன் முதலில் சிரித்தான். எண்ணாமல் விட்டால் யார் தட்டில் குறையும் என்று கேட்டேன். இப்போது அவனே பிரிக்கிறான், எலும்புத் துண்டை எனக்குத் தள்ளப் பார்த்தால் நானும் விடுவதில்லை. எடுத்ததை ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கிறேன், செவ்வாயன்று ஒரே முறை நன்றாகக் கொதி வரச் சூடாக்குகிறேன், அதற்கு மேல் வைப்பதில்லை. குளிரை நம்பிச் சுவரோரம் வைக்க இப்போது எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வாரம் மகள் வந்திருந்தாள். அவள் கொத்தமல்லியும் பச்சை வெங்காயமும் அரிந்து, தக்காளியைச் சுட்டு மசித்து, மெக்சிகோக்காரர்கள் செய்வதுபோல் ஒரு துவையல் செய்தாள். நான் மேட்டுப்பாளையத்துத் தேங்காயைத் துருவிப்போட்டு ரொட்டி தட்டினேன். கறி சட்டியில் புரண்டுகொண்டிருந்தது. அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. பல் நாலைந்துதான் பாக்கி. பிய்த்த கறி என்பதால் அவளால் மெல்ல முடிகிறது. துவையலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மாசி போடாம இது என்னா சம்பல்?" என்றாள்.

"அது சல்சா, அம்மாச்சி."

"என்னமோ. புளிப்பு பரவால்ல."

ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, குழம்பு மணிக்கட்டில் வழிய, பேசாமல் முழுதும் தின்று முடித்தாள். பிறகு வெறும் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு சுடு. கறிய கூட வையி."