செவிப்படாத குரலும் கேட்போரின் கடனும்

முன்பின் அறியாத ஒருவரின் அபயக்குரல் காதில் விழுந்த கணத்திலேயே கேட்டவர் கடமைப்பட்டுவிடுகிறாரா என்பது அறவியலின் பழைய வினா. அமெச்சூர் வானொலி, அதாவது அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற தனிமனிதர் பணப்பயன் கருதாது நடத்தும் இருவழி வானொலித் தொடர்பு, இவ்வினாவை இன்னும் கடினமாக்குகிறது. வானலையில் வரும் குரல் தானாக எவர் காதிலும் விழுவதில்லை. கருவியை ஆயத்தமாக வைத்து, உரிய அலைவரிசையில் முன்கூட்டியே காத்திருப்பவருக்கே அது கேட்கும். அவ்வாறாயின், கேட்கும் வழியையே அமைத்துக்கொள்ளாத சமூகம், கேட்கவில்லை என்பதனால் மட்டும் குற்றமற்றதாகிவிடுமா?

2004 டிசெம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது இதற்கான விடை இரு இடங்களில் செயலாக வெளிப்பட்டது. விக்டர் குணதிலக உள்ளிட்ட இலங்கை வானொலிச் சங்கத்தினர், அழிவுற்ற அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் செயற்பாட்டு அறைக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர். அந்தமானில், பல ஆண்டுகளின் பின் கிடைத்த அனுமதியுடன் போர்ட் பிளேயரில் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத், உறவினரைத் தேடித் தவித்தோரின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினார். இத்தகைய வேளைகளில் ஒரு நிலையம் தொடர்பை நெறிப்படுத்த, ஏனையோர் பேசாது அலைவரிசையை விட்டுக்கொடுப்பது இத்துறையின் மரபு. பற்றரியில் இயங்கும் நலிந்த குரல் வலிய குரலின் கீழ் அமிழ்ந்துவிடும் என்பதனால், தொலைவிலிருக்கும் ஆயிரம் பேரின் மௌனமும் அங்கே உதவியாகிறது.

அதே நாளில் முல்லைத்தீவுக் கரையும் அழிந்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். போர்க்கால வன்னியில் பொதுமகன் ஒருவன் அலைபரப்பும் கருவி வைத்திருப்பது ஐயத்துக்கே இடமளித்தது. ‘வோக்கி’ எனப்பட்ட கைவானொலி ஆயுதமேந்தியவரின் கைப்பொருள், ஒட்டுக்கேட்டல் போரின் ஓர் அங்கம். செவியும் கருவியும் ஒன்றாயினும் நோக்கம் வேறு: போர் வானொலி சங்கேதத்தால் தன்னை மறைக்க, அமெச்சூர் வானொலியோ பொருளை மறைக்கும் சங்கேதத்தைத் தவிர்த்து எவரும் கேட்கும்படி பேசுகிறது. இவ்வெளிப்படைத் தன்மையே அதன்மீது நம்பிக்கை கொள்ளத் தக்க காரணம் எனலாம். இத்தகைய கருவிகள் மீதான கட்டுப்பாட்டுக்கு அரசு கூறும் பாதுகாப்புக் காரணங்களை அற்பமெனத் தள்ள இயலாது. ஆயினும் அச்சத்தால் அடைக்கப்பட்ட செவி, ஆபத்து வரும் நாளில் உடனே திறந்துகொள்வதில்லை.

நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் கண்ணகியைக் கண்ணகை அம்மனாக வழிபடும் மக்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், ஆராயாது கோவலனைக் கொல்லப் பணித்துவிட்டு, கண்ணகியின் வழக்கைக் கேட்டதும் தன் பிழை உணர்ந்து உயிர்விட்டான். அவன் இறுதியில் கேட்டான் என்பதில் ஐயமில்லை. கேட்டிருக்க வேண்டிய வேளையில் கேட்கவில்லை என்பதே அவன் குற்றம். ஆகவே கடமை குரல் எழும்பும்போது தோன்றுவதன்று, அதைக் கேட்பதற்கான ஆயத்தத்திலேயே தொடங்குகிறது எனக் கொள்வதே பொருந்தும். 2003இல் திருத்தப்பட்ட சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளும், அனர்த்த காலத் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இடமளிக்குமாறு அரசுகளை ஊக்குவிக்கின்றன.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை அறிந்தோருக்கு இந்த ஆயத்தத்தின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டாம். இரு பனைகளுக்கிடையே ஏறத்தாழ 20 மீற்றர் நீளக் கம்பியைத் தாழ்வாகக் கட்டி, கார் பற்றரியில் இயங்கும் கருவியால் 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசினால், அயன மண்டலம், அதாவது மின்னேற்றம் பெற்ற மேல்வளிமண்டலப் படை, அவ்வலையைத் திருப்பியனுப்ப, பகல் வேளையில் முல்லைத்தீவின் குரல் கொழும்பை எட்டக்கூடும். கருவியைக் காட்டிலும் அரிதாயிருப்பது அதனை இயக்கப் பயின்று, தேர்வெழுதி, உரிமத்துடன் ஊரிலேயே வாழும் ஆளே. அத்தகையோரைத் தமிழ்வழிப் பயிற்சியால் உருவாக்குவது வன்னிப் பாடசாலைகளும் கோயில், தேவாலய நிருவாகங்களும் இப்போதே ஏற்கத்தக்க பணியாகும்.