தாமதமாக வந்து சேரும் பாட்டு

அமெரிக்க அதிபர்கள் ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்பதால், அதைக் கொண்டாட வாஷிங்டனுக்கு வருகிறவர்கள் கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் குளிருக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் மார்ச் 4ஆம் நாளே பதவியேற்பு நாளாக இருந்தது. தேர்தல் முடிவு குதிரையேறி ஊர் ஊராகப் போய்ச் சேரவும், வென்றவர் தம் ஊர்க் காரியங்களை முடித்துவிட்டுத் தலைநகரம் வரவும் நான்கு மாதம் பிடித்த காலம் அது. தந்தியும் ரயிலும் வந்த பிறகும் அந்த இடைவெளி மட்டும் அப்படியே நின்றது. 1932 நவம்பரில் வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சில் பதவியேற்கும் வரை, வங்கிகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட, அதிகாரம் தோற்றவரிடமும் நம்பிக்கை வென்றவரிடமுமாகப் பிரிந்து கிடந்தது. இந்த இடைவெளியைக் குறைக்கும் இருபதாவது அரசியலமைப்புத் திருத்தம் 1933 ஜனவரியிலேயே ஏற்கப்பட்டும், ஜனவரியில் நடந்த முதல் பதவியேற்பைக் காண 1937 வரை பொறுக்க வேண்டியிருந்தது. காத்திருப்பின் நீளத்தைக் குறைத்ததற்கு ஈடாக அந்நாட்டு மக்களுக்குக் கிடைத்தது நடுக்குளிர்காலம்.

அத்தகைய ஒரு குளிர்காலத்தில், 2009 ஜனவரி 18ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், லிங்கன் நினைவகத்தின் படிகளில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. நாட்டின் முதல் கறுப்பின அதிபராக பராக் ஒபாமா பதவியேற்க இரண்டு நாள்களே இருந்தன. நிகழ்ச்சிக்கு 'நாம் ஒன்றே' என்று பொருள்படும் பெயர் சூட்டியிருந்தனர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பியான்சே, ஸ்டீவி வொண்டர், அயர்லாந்தின் யூ2 குழு எனத் தனித்தனியே பெரும் அரங்குகளை நிரப்பக்கூடியவர்கள் அன்று ஒரே மேடையில் ஆளுக்கு ஓரிரு பாட்டு பாடினர். நினைவகத்தின் அடியிலிருந்து வாஷிங்டன் நினைவுத் தூணை நோக்கி நீளும் தடாகத்தின் இரு கரைகளிலும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் திரண்டதாகச் சொல்லப்பட்டது. அந்நகரில் தலைகளை எண்ணுவது வம்பை விலைக்கு வாங்கும் வேலை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1995இல் கறுப்பின ஆண்கள் நடத்திய 'பத்து லட்சம் பேர்' பேரணிக்கு வந்தவர்கள் 4 லட்சம் என்று தேசியப் பூங்காத் துறை கணக்குச் சொல்ல, அமைப்பாளர்கள் நீதிமன்றம் போவோம் என்று கொதித்தெழ, கடைசியில் அந்தத் துறை கூட்டத்தை எண்ணுவதற்குப் பணம் கிடையாது என்று நாடாளுமன்றமே கைகழுவிவிட்டது.

எண்ணிக்கை எதுவாயினும், வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பாடகரின் முகத்தைக் கண்டிருக்க முடியாது. கட்டணக் கச்சேரியில் ரசிகர் அருகாமையை விலை கொடுத்து வாங்குகிறார். முன்வரிசை இருக்கைக்கு ஒரு விலை, மாடத்துக்கு ஒரு விலை. இந்தத் திடலில் அனுமதி இலவசம், ஆனால் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றவருக்கு மேடை என்பது வெள்ளைத் தூண்களின் கீழே அசையும் சில புள்ளிகள் மட்டுமே. அவர் அண்ணாந்து பார்த்ததெல்லாம் ராட்சதத் திரைகளைத்தான். அந்தக் காட்சியை எச்.பி.ஓ. தொலைக்காட்சி அன்று கட்டணமின்றித் திறந்துவிட்டிருந்ததால், சூடேற்றிய அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவருக்கும் அதுவே, இன்னும் தெளிவாகவே கிடைத்தது. ஆயினும் அந்த வீட்டுக்காரர் 'பார்த்தேன்' என்றுதான் சொல்ல முடியும். கால்விரல் மரத்துப்போக நின்றவரோ, ஒன்றையுமே சரியாகப் பார்க்காவிட்டாலும், 'கண்ணாரக் கண்டேன்' என்று சொல்லும் உரிமையைப் பெற்றுவிடுகிறார். இந்த உரிமை எங்கிருந்து வருகிறது?

பல்கேரியாவில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய எலியாஸ் கனெட்டி, கூட்டத்தையும் அதிகாரத்தையும் பற்றி 1960இல் வெளியிட்ட நூலில், முன்பின் தெரியாதவர் தன்னைத் தொட்டுவிடுவாரோ என்ற அச்சம் மனிதருக்கு இயல்பானது என்றும், அடர்ந்த கூட்டத்தில் மட்டும் அது தலைகீழாகி உராய்வே நிம்மதியாகிவிடுகிறது என்றும் வாதிட்டார். குளிர்காலக் கூட்டம் இந்தக் கருத்துக்கு உடல் கொடுக்கிறது. அங்கே பக்கத்தில் நிற்பவரின் தோள் காற்றைத் தடுக்கும் சுவராகவே பயன்படுகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் இன்னும் முன்னதாக, 1912இலேயே, கூடி நிற்பவர்களிடையே தொற்றிப் பெருகும் உணர்வுக்குக் கூட்டுக் கொந்தளிப்பு என்று பெயரிட்டு, சமயத்தின் ஊற்றுக்கண்ணே அதுதான் என்றார். இரண்டும் கூட்டத்துக்குள் ஏறும் சூட்டை விளக்குகின்றன. ஆனால் கால்பந்துத் திடலிலும் அதே சூடு ஏறும் என்பதால், இந்த மக்கள் இந்த இடத்துக்கு ஏன் வந்தார்கள் என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

விடைக்கான துப்பு ஒலியின் வேகத்தில் கிடைக்கக்கூடும். உறைநிலையை ஒட்டிய காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர் செல்லும். லிங்கன் நினைவகத்துக்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் நடுவே சுமார் 1,300 மீட்டர் தொலைவு. மேடையில் எழும் குரல் காற்றின் வழியே மறுமுனையை எட்ட நான்கு விநாடி ஆகிவிடும். இத்தகைய திடல்களில் வழிநெடுக ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தும் ஒலிப்பொறியாளர்கள், எல்லாவற்றையும் ஒரே நொடியில் முழங்கவிட்டால் முன்னதும் பின்னதும் மோதி எதிரொலிக் குழப்பமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு கோபுரத்தின் ஒலியையும் அதன் தொலைவுக்கேற்ப வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். அதன்படி, முன்வரிசையார் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் பின்வரிசையார் அதே அடியைத் தொடங்குவார்கள். 'நாம் ஒன்றே' என்ற பெயரில் கூடிய லட்சக்கணக்கானோர் ஒரு கணம்கூட ஒரே நேரத்தில் பாடியிருக்க வழியில்லை. ஆயினும் எவருக்கும் தாம் பிந்தியதாகத் தோன்றாது. அவரவர் நின்ற இடத்தில், அவரவர் காதுக்குப் பாட்டு சரியான நேரத்தில்தான் வந்தது.

அந்தத் திடலுக்கு வந்த பாட்டுகளில் சில நான்கு விநாடியைவிட மிக நீண்ட தாமதத்தோடு வந்தவை. லிங்கன் நினைவகம் 1922இல் திறக்கப்பட்டபோது, அடிமை முறையை ஒழித்தவரின் பெயரால் எழுந்த அந்தக் கட்டடத்தின் முன்னே கறுப்பினத்தவரைத் தனிப் பகுதியில் ஒதுக்கி உட்காரவைத்தார்கள். பதினேழு ஆண்டு கழித்து, கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அந்நகரின் கான்ஸ்டிடியூஷன் மண்டபம் நிறத்தைக் காரணமாக வைத்து மறுக்கப்பட்டது. மண்டபத்துக்கு உரிய பெண்கள் சங்கத்திலிருந்து அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் விலகினார். 1939 ஏப்ரல் 9ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, நினைவகப் படிகளிலேயே கச்சேரி நடந்தது. அன்றும் குளிர்தான், ஆண்டர்சன் ரோமக் கோட்டு அணிந்து, 75,000 பேருக்கு முன்னே, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முதலில் எடுத்த தேசபக்திப் பாட்டில் 'நான்' என்று வரும் இடத்தை 'நாம்' என்று மாற்றிப் பாடினார் என்பர். ஒற்றைச் சொல் மாற்றம்தான். மண்டபத்தின் கதவைச் சாத்தியவர்களையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும் அந்த 'நாம்' 2009இல் நிகழ்ச்சியின் பெயராகத் திரும்பி வர எழுபது ஆண்டு ஆயிற்று. இடையில் 1963 ஆகஸ்டு வெயிலில் இரண்டரை லட்சம் பேர் அதே தடாகத்தைச் சூழ்ந்து நின்று மார்ட்டின் லூதர் கிங்கின் உரையைக் கேட்டனர். வெம்மை தாளாமல் பலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்திருந்ததை அக்காலப் புகைப்படங்களில் காணலாம்.

2009இல் கிட்டத்தட்ட நிகழ்ச்சியின் முடிவில் மேடையேறிய பீட் சீகருக்கு அப்போது வயது 89. பொதுவுடைமையாளர் என்ற ஐயத்தில் நாடாளுமன்றக் குழு 1955இல் தம்மை விசாரித்தபோது, தம் நம்பிக்கைகளைப் பற்றிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை என்று பதில் சொல்ல மறுத்தவர் அவர். அதனால் 1961இல் தண்டனை விதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அது நீங்கிய பிறகும் வெகுகாலம் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் படி ஏற முடியாதிருந்தவர். அன்று அவர் தம் பேரனோடும் ஸ்பிரிங்ஸ்டீனோடும் பாடியது உடி கத்ரி 1940இல் எழுதிய, இந்த மண் அனைவருக்கும் சொந்தம் என்னும் கருத்துடைய பாட்டு. பள்ளிப் பிள்ளைகள் பாடுகிற பதிப்பில் வழக்கமாக விடுபட்டுப்போகும் சரணங்கள் அதில் உண்டு: ஒன்று தனியார் நிலத்தில் நுழையாதே என்னும் பலகையைக் கேலி செய்வது, மற்றொன்று பசித்த மக்கள் நிவாரண அலுவலக வாசலில் வரிசையில் நிற்பதைச் சொல்வது. சீகர் அவற்றை விடவில்லை. ஒவ்வோர் அடியையும் அவர் முன்கூட்டி உரக்கச் சொல்ல, கூட்டம் பின்பாட்டாக எடுத்துப் பாடியது. பெரும் நிதிநிறுவனங்கள் கவிழ்ந்து நான்கு மாதமே ஆகி, மாதந்தோறும் லட்சக்கணக்கானோர் வேலையிழந்துகொண்டிருந்த அந்த ஜனவரியில், நிவாரண வரிசையைப் பற்றிய அடிகள் பழம்பாட்டாக ஒலித்திருக்காது. கொண்டாட்டத்துக்கு வந்தவர்களின் வாயாலேயே கொண்டாட முடியாததையும் பாடவைத்தது, அந்த மாலையின் மிக நேர்மையான செயல்.

இன்னொரு பாட்டு சாம் குக் 1964 ஜனவரியில் பதிவு செய்தது. மாற்றம் ஒருநாள் வந்தே தீரும் என்று சொல்வது. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தனி இசைத்தட்டாக அது வெளியானது அதன் பிறகுதான். அதை 2009 மேடையில் ஜான் பான் ஜோவியோடு சேர்ந்து பாடிய பெட்டி லவெட், பதின்ம வயதிலேயே இசைத்தட்டுப் போட்டும் பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்து, அறுபதை நெருங்கும்போது புகழ் பெற்றவர். தாமதத்தைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குரலைத் தேடியிருக்க வேண்டியதில்லை.

இத்தகைய நாள்களைப் பின்னாளில் எள்ளி நகையாடுவது எளிது; ஒரு தேர்தலால் இனவெறி ஒழிந்துவிட்டதாக நம்பிய ஏமாளிகளின் கூட்டம் என்று எழுதிவிடலாம். அன்றைய நிகழ்ச்சியிலேயே குறை இருந்தது. தொடக்க வேண்டுதலைச் சொன்ன ஆயர் ஜீன் ராபின்சன், தாம் ஒருபால் ஈர்ப்பினர் என்பதை மறைக்காதவர். அவருடைய வேண்டுதல் நேரடி ஒளிபரப்பில் இடம்பெறவில்லை. தவறு நேர்ந்துவிட்டது என்று அமைப்பாளர்கள் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். 'நாம்' என்ற சொல்லுக்குள் யாரை எப்போது அழைப்பது என்பதில் எப்போதும் ஒரு தாமதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏமாளிகள் என்ற பழி அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாது. வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது என்பதால், தென் மாநிலங்களில் தம் தாய்தந்தையர் வாக்களிக்க முடியாமல் தடுக்கப்பட்டதைக் கண்ட ஒருவர் 2009இல் அந்தத் திடலில் நிற்க ஐம்பது, அறுபது வயதே போதும். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று அவருக்கு யாரும் பாடம் சொல்லி நம்பவைத்திருக்க முடியாது. அவருடைய மகிழ்ச்சி, கடன் முழுவதும் அடைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தவணை வந்திருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், அவர்கள் சார்பில் யாராவது நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும் என்ற எண்ணமாகவும் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட காரியத்தைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து முடிக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துப் பதவியேற்பு விழாவில், உறுதிமொழிக்குச் சற்று முன், யோ யோ மா, இட்சாக் பெர்ல்மன் உள்ளிட்ட நால்வர், ஜான் வில்லியம்ஸ் அந்த நாளுக்கென்றே அமைத்த இசையை வாசித்தார்கள். உறையும் குளிரில் தந்திகள் அறுந்துபோகலாம், பியானோவின் சுருதி நிற்காது என்பதால், திடலை நிறைத்திருந்த பெரும் திரளும் உலகெங்கும் தொலைக்காட்சி முன் இருந்தவர்களும் கேட்டது முன்பே செய்த ஒலிப்பதிவை. நால்வரும் அதை ஒற்றிச் சுரம் தவறாமல் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியானதும் சிலர் முகம் சுளித்தார்கள். மேடையில் எழுந்த உண்மையான வாசிப்பு அருகிலிருந்த சிலரின் காதுக்கு மட்டுமே எட்டியிருக்கும். மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டு நாளுக்கு முந்தைய, அந்த ஞாயிற்றுக்கிழமையின் இசை. அது முடிந்ததும் அவர்கள் கைதட்டினார்கள். கம்பளிக் கையுறைகள் ஒன்றோடொன்று மோதும்போது அதிக ஓசை எழுவதில்லை.