கடற்கரையில் கிடப்பது யாருக்குச் சொந்தம்?

 

பள்ளி விடுமுறை விட்டால் ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பல குடும்பங்கள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் போகிறோம். கடலே இல்லாத ஊர்க்காரர்கள் நாம். திரும்பி வரும்போது பிள்ளைகளின் பையில் சங்கும் சிப்பியும் நிறைந்திருக்கும். இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கடலை நமக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து உணவும் ஆபரணமும் கிடைப்பதையும் சூரா நஹ்லில் அல்லாஹ் தன் அருட்கொடையாகச் சொல்கிறான். அடிப்படையில் இது ஆகுமானது. இதை ஹராமாக்க எனக்கு அதிகாரமில்லை.

ஆனால் சொந்தக்காரர் இல்லாத பொருள் வேறு, யாருக்கும் ஹக்கு இல்லாத பொருள் வேறு. துறவி நண்டு என்று ஒன்று இருக்கிறது. அதன் பின்பாதி உடம்புக்கு ஓடு கிடையாது. செத்த நத்தையின் சங்குக்குள்தான் குடியிருக்கும். வளர வளர, பெரிய சங்காகத் தேடி வீடு மாறும். காலி என்று நாம் எடுப்பது அதன் அடுத்த வீடு. குஞ்சுகளைப் பறிகொடுத்த பறவை தவித்தபோது, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தப் பறவையிடமும் பத்திரம் எதுவும் இருக்கவில்லை.

நான் ஒருவன் எடுத்தால் என்ன குறையும் என்கிறோம். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது மேலே இருப்பவர்களைத் திட்டுகிறோமே, தென்பெண்ணையில் கழிவைத் திறந்துவிட்ட ஒவ்வொருவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளமும் சில அரிய சங்கு வகைகளும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வெளியே ஆகுமானது ஓர் எல்லைக்குள் ஆகாது என்பது ஹரமில் வேட்டையாடாத, செடி வெட்டாத நமக்குப் புதிதா? சங்கு தேடி மணல்மேட்டில் ஏறுகிறவர்களும் கவனியுங்கள். காலடியில் மிதிபடும் அடும்புக்கொடிதான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. 1964 புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி.

கரையில் எடுக்காமல் கடையில் வாங்கினால் சரியாகிவிடுமா? அலையில் உருண்ட சங்கு மங்கி, விளிம்பு தேய்ந்திருக்கும். கடையில் பளபளவென்று மின்னுவது பெரும்பாலும் உயிரோடு பிடித்துக் கொன்றது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: சங்கை மணலில் வைத்துவிட்டு, அசையாமல் சற்றுப் பொறுத்துப் பார்க்கட்டும். உள்ளே ஆள் இருந்தால் கால் வெளியே வரும்.