யார் கண்ணுக்காக இந்த உடம்பு?

சுங்கை பட்டாணியில் பெண்களுக்கு எடைப்பயிற்சி சொல்லித் தருகிறேன். ஃபிசிக் போட்டிக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, எதைச் செஞ்சா தோள் அகலமாகும், இடுப்பு சின்னதா தெரியும்?" என்று கேட்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களின் கேள்வி வேறு: "உடம்பைக் காட்டி மேடையில நிக்கிறது நம்ம சமயத்துக்கு அடுக்குமா?" இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று நம்புகிறேன்.

உடற்கட்டுப் போட்டி அளவுக்குத் தசையைப் பெருக்க விரும்பாத பெண்களுக்கான பிரிவு ஃபிசிக். 2013இல் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியில் சேர்ந்தது. முதல் பட்டம் டானா லின் பெய்லிக்கு. எவ்வளவு எடை தூக்கினாய் என்று நடுவர் கேட்கமாட்டார். விரிந்த முதுகையும் உருண்ட தோளையும் பார்ப்பார். அதனால் புல்-அப், பார்பெல் ரோ, தலைக்குமேல் பிரஸ், பக்கவாட்டில் டம்பெல் உயர்த்துவது, காலுக்கு ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட் என்று தேர்ந்தெடுக்கிறோம்.

என் அம்மா பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைவாளி தொங்க, சிந்தாமல் மேடேறி ஸ்டோருக்குப் போவார். வலது தோளில் கம்பு அழுத்திய இடம் கறுத்துக் காய்த்திருந்தது. கோயிலுக்குப் போகும்போது முந்தானையால் அதை மூடிக்கொள்வார். அந்தத் தோள் கம்பெனிக்கு உழைத்த காலமெல்லாம் சமயத்துக்கு அடுக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மகள் தனக்காகத் தோளை வளர்க்கும்போதுதான் கேள்வி எழுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சமயம் என்று பார்த்தால், உடம்பை இழுக்கு என்று எண்ணியிருந்த சைவச் சித்தர் திருமூலர், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். நான் பிடித்துக்கொள்ளும் உரைகல் இந்தப் 'பேணுதல்'தான். மேடையே இல்லாவிட்டாலும் இந்தப் பயிற்சி என்னிடம் வரும் பெண்ணுக்கு நல்லதா என்று பார்க்கிறேன். ஸ்குவாட் நல்லது, எலும்புக்கும் முதுமைக்கும் துணை. போட்டிக்கு முந்தின வாரம் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து உடம்பை வற்றவைப்பது அப்படியல்ல. "தைப்பூச விரதம் மாதிரிதானே அக்கா" என்கிறார்கள். இல்லை. விரதம் ஆசையை அடக்க இருப்பது. இது ஆசைக்காகக் கிடக்கும் பட்டினி. உழைப்புக்கேற்ற உணவில்லாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு தேயும் என்று 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே எச்சரித்தது.

ஆகவே தாய்மார்களே, உங்கள் மகளின் உடையைப் பற்றி அப்புறம் பேசலாம். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் கேளுங்கள். மாதவிடாய் நின்றுபோன பிள்ளையை நான் மேடையேற்றுவதில்லை.